விடையைச் சொல்லாத ஆசிரியர்



இன்று ஒரு கணித அறிஞரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயரில் நம் பாடப்புத்தகத்தில் ஒரு தேற்றமும் கிடையாது. கேள்வித்தாளில் அவர் பெயர் வந்ததில்லை. ஆனால் நாற்பதுக்கும் மேற்பட்ட கோடைக்காலங்களைப் பள்ளிப் பிள்ளைகளோடு கழித்தவர் அவர். எழுபது வயதில் பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்து அனுப்பியது. அடுத்த கோடையில் மறுபடி கரும்பலகை முன்னால் வந்து நின்றார். தொண்ணூறு வயதைக் கடந்தும் நின்றார். அந்த நாற்பது சொச்சம் ஆண்டுகளும் அவர் எடுத்த பாடம் ஒன்றே ஒன்று. எண்கள். 1, 2, 3 என்று நாம் எண்ணுகிறோமே, அந்த எண்கள்.

அவர் பெயர் அர்னால்டு ராஸ்.

அவர் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தார் என்பது மட்டும் என் பேச்சு அன்று. எதைக் கொடுக்காமல் வைத்திருந்தார் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

ராஸ் 1906ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். பிழைக்க வந்த யூதக் குடும்பம். பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது தாய் அவரை அழைத்துக்கொண்டு கருங்கடலோரம் இருக்கும் ஒடெசாவுக்கே திரும்பிவிட்டார். அவர் வளர்ந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். உலகப் போர், ரஷ்யப் புரட்சி, உள்நாட்டுப் போர், பஞ்சம். ரூபிள் நோட்டுக்கு மதிப்பே இல்லாமல் போன காலம். அந்தக் காலத்தில் பையனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஒரு பேராசிரியர் கிடைத்தார். சாமுயில் ஷாட்டுனோவ்ஸ்கி என்று பெயர், ஒடெசாவில் புகழ்பெற்ற கணித ஆசிரியர். அவருக்குச் சம்பளம் என்ன கொடுப்பது? பணத்தை வைத்து அவர் எதை வாங்குவார்? ஒரு பவுண்டு பிரெஞ்சு மிட்டாய் கொடுத்தார்களாம்.

ஒரு பவுண்டு மிட்டாய்! ஊரே பசித்துக் கிடக்கிறது. ஒரு பேராசிரியர் மிட்டாயைச் சம்பளமாக வாங்கிக்கொண்டு ஒரு சிறுவனோடு உட்கார்ந்து கணக்கைப் பேசுகிறார். பெரிய அறிஞர் ஒருவர் சின்னப் பையனுக்காக நேரம் ஒதுக்குவதை ராஸ் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். வாழ்நாள் முழுவதும் அவர் அதை மறக்கவில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

1922இல் பதினாறு வயதில் ராஸ் சிகாகோவுக்குத் திரும்பினார். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பார்த்தார். அந்தக் கூலியைச் சேர்த்துவைத்துச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நுழைந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் இ. எச். மூர். இந்த மூர் பாடத்தை விளக்கிச் சொல்லிக்கொண்டு போகிறவர் இல்லை. ஒரு கூற்றை முன்னால் வைப்பார். இது சரியா, தவறா? நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்பார். மாணவர்கள்தான் எழுந்து வந்து நிரூபிக்கவேண்டும். பிறகு எல்.இ. டிக்சன் என்ற எண் கோட்பாட்டு அறிஞரிடம் ஆய்வு செய்து 1931இல் ராஸ் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவே வேலை இல்லாமல் தவித்த நாட்கள் அவை. அதற்குப் பிறகு செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம், நாட்டர்டேம் பல்கலைக்கழகம், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம். பின்னிரண்டு இடங்களிலும் கணிதத் துறைக்கே தலைவர். இதை இத்தோடு விட்டுவிடுகிறேன். பதவிகள் அவரைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான்.

கதை தொடங்குவது 1957இல். நாட்டர்டேமில் பள்ளி ஆசிரியர்களுக்காக ராஸ் சில ஆண்டுகளாகவே கோடை வகுப்பு நடத்தி வந்தார். அந்த ஆண்டு பள்ளி மாணவர்களையும் அதில் சேர்த்துக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதிதான் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்கா பதறிப்போய், பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுங்கள், கணிதம் சொல்லிக்கொடுங்கள் என்று காசை வாரி இறைத்தது அதற்குப் பிறகு. ராஸின் முதல் கோடை ஸ்புட்னிக்குக்கு முந்தியது. எதிரி முந்திவிட்டானே என்ற பயத்தில் பிறந்த வகுப்பு அன்று அது. பிள்ளைகள் மேல் இருந்த நம்பிக்கையில் பிறந்தது. இந்த வேறுபாட்டை நான் பெரிதாக நினைக்கிறேன். பயத்தில் தொடங்கும் வகுப்பு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். நம் ஊர்ப் பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகைகளைப் பார்த்தால் போதும்.

சரி, அந்த வகுப்பில் என்ன நடந்தது?

பதினான்கு, பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் பல ஊர்களிலிருந்து வந்து விடுதியில் தங்குவார்கள். தினம் ஒரு சொற்பொழிவு. கையில் ஒரு கணக்குத் தாள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பகலெல்லாம், பல நாள் இரவிலும், பிள்ளை உட்காரவேண்டும். கூடவே அதே விடுதியில் கல்லூரி வயது அண்ணன்களும் அக்காக்களும் இருப்பார்கள். அவர்களும் சில ஆண்டுகளுக்கு முன் இதே தாளோடு இதே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான். இப்போது வழிகாட்டிகளாகத் திரும்பி வந்திருப்பார்கள். பிள்ளை எழுதியதை வரிக்கு வரி படிப்பார்கள். "இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தாய்?" என்று கேட்பார்கள். விடையை மட்டும் சொல்லமாட்டார்கள்.

முதல் வாரத்திலேயே என்ன கணக்கு கொடுப்பார்கள் தெரியுமா? கேட்டால் சிரிப்பு வரும். 0க்கும் 1க்கும் இடையில் முழு எண் எதுவும் இல்லை என்று நிரூபி!

இதை நிரூபிக்கவேறு வேண்டுமா? ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே! ஆம், தெரியும். எப்படித் தெரியும்? அதுதான் கேள்வி. எப்படித் தெரியும்?

முன்வரிசைப் பிள்ளைகளே, ஒரு நிமிடம் என்னோடு வாருங்கள். 0க்கும் 1க்கும் நடுவில் முழு எண் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஒன்று இருக்கலாம், பத்து இருக்கலாம். எத்தனை இருந்தாலும் அதில் மிகச் சிறியது என்று ஒன்று இருந்தாக வேண்டும். அந்தச் சின்னஞ்சிறு எண்ணைக் கையில் எடுங்கள். அதை அதனாலேயே பெருக்குங்கள். 1ஐவிடச் சிறிய எண்ணை அதனாலேயே பெருக்கினால் என்ன ஆகும்? இன்னும் சிறுத்துவிடும். அரையை அரையால் பெருக்கினால் கால்தானே? ஆனால் முழு எண்ணை முழு எண்ணால் பெருக்கினால் வருவதும் முழு எண். அப்படியானால் 0க்கும் 1க்கும் நடுவில் இன்னொரு முழு எண் வந்துவிட்டது. எதைவிடச் சிறியதாக? மிகச் சிறியது என்று நாம் கையில் எடுத்தோமே, அதைவிடச் சிறியதாக! இது எப்படி நடக்கும்? நடக்காது. ஆகவே அப்படி ஓர் எண் முதலிலேயே இல்லை.

அவ்வளவுதான். ஐந்தாறு வரி. பெருக்கலும், மிகச் சிறியது என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்பதும் தவிரப் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் இந்த ஐந்தாறு வரியைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகலாம். ராஸ் அந்த இரண்டு நாளைக் கொடுத்தார். எளிய விஷயங்களை ஆழமாக யோசி என்பது அவர் வகுப்பின் தாரக மந்திரம். அவர் பெயரைச் சொன்னாலே அவருடைய மாணவர்கள் முதலில் சொல்வது இந்த வாக்கியத்தைத்தான்.

இப்போது இன்னொன்று. அந்தக் கணக்குத் தாள்களில் பல கேள்விகளுக்குக் கீழே ஒரு கட்டளை இருக்கும். நிரூபி, இல்லையென்றால் தவறென்று காட்டு, முடிந்தால் மீட்டெடு. இந்த மூன்றாவது சொல்லைக் கவனியுங்கள். மீட்டெடு! நம் பள்ளிகளில் தவறான விடைக்கு என்ன நடக்கிறது? சிவப்பு மையில் ஒரு கோடு, ஒரு பூஜ்யம், கதை முடிந்தது. ராஸின் வகுப்பில் தவறு கண்டுபிடிப்பது பாதி வேலை. இந்தத் தவறுக்குள்ளே ஏதாவது உண்மை ஒளிந்திருக்கிறதா? எதைத் திருத்தினால் இது நிற்கும்? அந்த மீதிப் பாதியையும் பிள்ளைதான் செய்யவேண்டும்.

உதாரணம் சொல்கிறேன். ஒரு பிள்ளை பகா எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 5 என்பது 1ம் 4ம். இரண்டுமே வர்க்க எண்கள், 1இன் வர்க்கமும் 2இன் வர்க்கமும். 13 என்பது 4ம் 9ம். 17 என்பது 1ம் 16ம். அட, எல்லாப் பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிடலாம் போலிருக்கிறதே! எழுதிவிடுகிறது பிள்ளை. உடனே 7 வந்து குறுக்கே நிற்கிறது. 1, 4 என்று எந்த இரண்டு வர்க்கங்களைக் கூட்டினாலும் 7 வராது. 3ம் வராது. 11ம் வராது. கூற்று உடைந்துவிட்டது.

உடைந்தால் என்ன? மீட்டெடு! வருகிற ஒற்றைப்படைப் பகா எண்களை ஒரு பக்கம் எழுது: 5, 13, 17, 29, 37, 41. வராத எண்களை இன்னொரு பக்கம் எழுது: 3, 7, 11, 19, 23, 31. இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டே இரு. எவ்வளவு நேரம்? தெரிகிற வரைக்கும். ஒரு கட்டத்தில் யாரோ ஒரு பிள்ளை எல்லாவற்றையும் 4ஆல் வகுத்துப் பார்க்கும். இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் மீதி 1. அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் மீதி 3.

அந்த நொடியை எண்ணிப் பாருங்கள், நண்பர்களே! யாரும் சொல்லவில்லை. எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை தன் ரஃப் நோட்டில், தன் பென்சிலால், தானே கண்டுபிடித்தது அது. பிரான்சு நாட்டு ஃபெர்மா இதே உண்மையை 1640ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தன் நண்பர் மெர்சென்னுக்குக் கடிதத்தில் எழுதினார். முழு நிரூபணத்தை ஆய்லர் தர நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இதெல்லாம் பிள்ளைக்குப் பிறகு தெரியட்டும். முதலில் அது தன் எண்ணாக இருக்கட்டும்.

மீதி 3 வருகிற எண்கள் ஏன் மாட்டேன் என்கின்றன என்பதை இங்கேயே பார்த்துவிடலாம். இரட்டைப்படை எண்ணின் வர்க்கத்தை 4ஆல் வகுத்தால் மீதி 0. ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தை வகுத்தால் மீதி 1. அப்படியானால் இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 0 வரலாம், 1 வரலாம், 2 வரலாம். 3 எப்படி வரும்? வரவே வராது. கதவு அடைபட்டுவிட்டது. ஆனால் மீதி 1 வருகிற பகா எண் ஒன்றுகூட விடாமல் அத்தனையும் ஏன் சம்மதிக்கின்றன? அது கடினமான பாதி. அதை ராஸின் பிள்ளைகள் கோடை முழுக்கச் சிறுகச் சிறுக ஏறி அடைவார்கள்.

இங்கே என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராஸின் முறையைப் பற்றி நான் முதன்முதலில் படித்துவிட்டு, அந்த ஆர்வத்தில் ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பார்த்தேன். பாடத்திட்டத்தில் இல்லாதது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு. பாதிப் பேர் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். கணக்கில் அதற்குமுன் அவள் பெரிதாகப் பேசப்பட்டவள் இல்லை. மணி அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசை வரிசையாக எண்களை எழுதிக்கொண்டிருந்தாள். நான் கிட்டப் போனேன். நிமிராமலே கேட்டாள்: "சார், 65க்கு ரெண்டு வழி வருது சார். 1ம் 64ம் வருது. 16ம் 49ம் வருது. மத்ததுக்கெல்லாம் ஒண்ணுதான சார் வந்துச்சு, இதுக்கு மட்டும் ஏன் ரெண்டு?"

எவ்வளவு அருமையான கேள்வி! நான் கேட்காத கேள்வி. கொடுத்த கணக்கைத் தாண்டி அவளே போட்டுக்கொண்ட கேள்வி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷம் தாங்காமல் சாக்பீஸை எடுத்து, பலகையில் ஏழெட்டு வரியில் காரணத்தை எழுதிக் காட்டிவிட்டேன். எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். "சரிங்க சார்" என்றாள். நோட்டை மூடினாள். பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். திங்கட்கிழமை வந்தாள். அதன்பிறகு அந்தக் கடைசிப் பக்கத்தை அவள் திறந்து நான் பார்க்கவில்லை.

அந்த மூடிய நோட்டைப் பல ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் அவளுக்கு நல்லதுதான் செய்ய நினைத்தேன். செய்தது என்ன? அவள் கையில் இருந்த ஒன்றை வாங்கி, என்னுடையதாக ஆக்கிவிட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளோடு இருந்திருக்க வேண்டிய கேள்வியை, ஐந்தே நிமிடத்தில் முடித்து அனுப்பிவிட்டேன். ராஸ் அந்த இடத்தில் நின்றிருந்தால்? "105ஐயும் பார்த்தாயா? 85?" என்று கேட்டுவிட்டு நகர்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

விடை தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பது சுலபம் இல்லை, ஆசிரியப் பெருமக்களே! நமக்கெல்லாம் தெரியும், அது எவ்வளவு கஷ்டம் என்று. பிள்ளை தடுமாறுகிறது. பெற்றோர் கேட்கிறார்கள். தேர்வு வருகிறது. பாடம் முடியவில்லை. தலைமை ஆசிரியர் சிலபஸ் எதுவரை வந்தது என்று கேட்கிறார். இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளைக்காகப் பொறுத்திருக்க எத்தனை மனத்திண்மை வேண்டும்! ராஸுக்கும் வேறு வேலைகள் இருந்தன. துறைத் தலைவர் பொறுப்பு இருந்தது. அதற்கெல்லாம் அப்பால் கோடைக்காலத்தை இந்தப் பிள்ளைகளுக்கென்று பிரித்து வைத்தார். 1963இல் ஒஹாயோவுக்குப் போனவர், அடுத்த ஆண்டே அந்தக் கோடை வகுப்பையும் அங்கே கொண்டுபோனார். வேலை மாறினால் சட்டி பானையைக் கட்டி எடுத்துக்கொண்டு போவோம் இல்லையா, அதைப்போல அவர் அந்த வகுப்பையே எடுத்துக்கொண்டு போனார்.

அவருக்கு இந்த வேலையில் அலுப்புத் தட்டவில்லையா? ஒரே பாடம், ஒரே எண்கள், நாற்பது ஆண்டு! நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பாடம் பழையது, பிள்ளைகள் புதியவர்கள். ஒவ்வொரு கோடையிலும் யாரோ ஒரு பிள்ளை அந்த 4ஆல் வகுத்த மீதியை முதன்முதலாகப் பார்க்கிறது. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே அவர் வந்தார். 1986இல் அமெரிக்கக் கணிதச் சங்கமான எம்.ஏ.ஏ. அவருடைய சேவைக்கு விருது கொடுத்தது. எண்பது வயது. அதன்பிறகும் பத்துக்கு மேற்பட்ட கோடைகள் பாடம் எடுத்தார். கடைசியில் பக்கவாதம் வந்துதான் அவரை நிறுத்தியது. 2002இல் மறைந்தார்.

வகுப்பு நிற்கவில்லை. இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஒரு மனிதரை நம்பி நடக்கும் காரியங்கள் அந்த மனிதரோடு போய்விடுவதை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவருக்குப் பிறகு டேனியல் ஷாப்பிரோ என்ற பேராசிரியர் ஏற்று நடத்தினார். அந்தக் கோடை வகுப்பு இன்றும் ராஸின் பெயரிலேயே நடக்கிறது. ராஸிடம் சிறுவயதில் படித்த கிளென் ஸ்டீவன்ஸ் 1989இல் நண்பர்களோடு சேர்ந்து பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிராமிஸ் என்ற கோடை வகுப்பைத் தொடங்கினார். இன்னொரு மாணவர் மேக்ஸ் வார்ஷவர் டெக்சஸில் ஒன்று தொடங்கினார். அந்த பிராமிஸின் கிளை இன்று நமக்குப் பக்கத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடக்கிறது. ஒடெசாவில் மிட்டாயைச் சம்பளமாக வாங்கிக்கொண்டு ஒருவர் எடுத்த பாடம், ஒரு நூற்றாண்டு கழித்து, இங்கிருந்து ஓர் இரவு ரயில் தூரத்தில் வந்து நிற்கிறது!

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை ஒரு கணக்கை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால், நேரம் வீணாகிறது என்று நினைக்காதீர்கள். போட்டித் தேர்வுகள் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்று பழக்குகின்றன. வேகம் ஒரு திறமைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ராஸின் கணக்குத் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் நேரக் கெடு இல்லை. மெதுவாக யோசிக்கும் பிள்ளையும் அந்த விடுதியில் தலைநிமிர்ந்து இருந்தது. எத்தனை மெதுவான பிள்ளைகளை நாம் மந்தம் என்று சொல்லிக் கணக்கை விட்டே துரத்தியிருக்கிறோம்!

நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். மூன்றாவது பெஞ்சுப் பெண் கேட்ட கேள்வியை நீங்கள் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். 65க்கு ஏன் இரண்டு வழி? முன்வரிசையில் இரண்டு பேர் அப்போதே நோட்டை எடுத்துவிட்டதை நான் பார்த்தேன். அன்று அவளிடம் சொன்னதை இன்று உங்களிடம் சொல்லமாட்டேன். 85ஐயும் பாருங்கள், 4ம் 81ம் வரும், 36ம் 49ம் வரும். 105ஐயும் பாருங்கள், அதை 4ஆல் வகுத்தால் மீதி 1தான், ஆனாலும் ஒரு வழிகூட வராது. ஏன்? வீட்டுக்குப் போய் உட்காருங்கள். இன்று வராவிட்டால் நாளை உட்காருங்கள். அப்பா, அம்மா, ஆசிரியர்கள், தயவுசெய்து யாரும் உதவவேண்டாம்.